காற்றைத் தூணாக்கிய கருவி

குறட்டை என்றால் நாம் சிரிக்கிறோம். திருமண வீட்டுக் கூடத்தில் உறவினர்கள் வரிசையாகப் படுத்துறங்கும் இரவில் பெரியவர் ஒருவர் விட்ட குறட்டை, மறுநாள் காலை பசியாறும் வேளையில் இளையவர்களுக்கு வேடிக்கைப் பேச்சாகிறது. ஆனால் அந்தக் குறட்டை இடையிடையே திடீரென்று நின்று போனதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஓசை ஓய்ந்ததே என்று நிம்மதியுடன் புரண்டு படுத்தவர்களே அதிகம். உண்மையில், குறட்டையைவிட அந்த மௌனத்துக்கே நாம் அஞ்ச வேண்டும்.

அந்த மௌனத்தில் நிகழ்வது யாது? உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிகிறது. மூச்சு செல்லும் வழி அடைபட்டு விடுகிறது. மார்பு மூச்சை இழுக்க முயல்கிறது. காற்றோ உள்ளே செல்வதில்லை. பத்து விநாடியோ, அரை நிமிடமோ, அதற்கும் மேலோ இந்நிலை நீடிக்கிறது. குருதியில் ஆக்சிஜன் குறையவே மூளை திடுக்கிட்டு ஒரு கணம் விழிக்கிறது. பெருந்திணறலோடு வழி திறக்கிறது, மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இரவு முழுவதும் இந்தப் போராட்டம் நடந்தும், காலையில் எழுபவருக்கு அதில் ஒன்றும் நினைவிருப்பதில்லை. தலை கனக்கிறது, பகலெல்லாம் கண் சொருகுகிறது, அவ்வளவே அவர் அறிவார்.

இதனை மருத்துவர்கள் ‘ஸ்லீப் ஆப்னியா’ என்கின்றனர். நாம் உறக்க மூச்சடைப்பு எனலாம். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்கு ஐந்து தடவைக்குக் குறைவாயின் இயல்பு. 5 முதல் 15 வரை இலேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30ஐத் தாண்டினால் கடுமை என்பது பெரியவர்களுக்கு அவர்கள் வகுத்துள்ள கணக்கு.

இந்நோய் இருப்பதாக அறிந்து, ‘சி-பேப்’ கருவி வாங்குமாறு எழுதிய சீட்டோடு வீடு திரும்பும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. எந்தக் கருவியை வாங்குவது? விலை உயர்ந்ததையா, விளம்பரம் மிகுந்ததையா? கடைக்குச் செல்லுமுன் இக்கருவி பிறந்து வளர்ந்த வரலாற்றை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நலம். தேர்வுக்கு வேண்டிய விடைகளுள் பல அந்த வரலாற்றிலேயே உள்ளன.

பகலில் தேடிய மருத்துவர்கள்

நோய் புதிதன்று. கருங்கடற் கரையில் இருந்த ஹெராக்ளியா நகரைக் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் ஆண்ட தியோனிசியஸ் என்பவன் மிகப் பருத்த உடலினன். அவன் உறங்கி மூச்சுத் திணறும்போதெல்லாம் உணர்வு வரும் வரையில் நீண்ட ஊசிகளை அவன் உடலில் ஏற்றி எழுப்பினார்கள் என்று பழைய கிரேக்க நூலோர் எழுதி வைத்திருக்கின்றனர்.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக வெளியிட்ட ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நூலில் ஜோ என்றொரு பருத்த பையன் வருகிறான். நின்றால் உறங்குவான், ஏவிய வேலையின் நடுவே உறங்குவான், உறங்கினால் குறட்டை விடுவான். படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் பிராட்பென்ட் 1877இல், மல்லாந்து படுத்துக் குறட்டை விடும் முதியவர்களுக்கு இடையிடையே தொண்டையில் வழியடைந்து மூச்சு நின்றுபோவதைக் குறித்து எழுதினார். அவர் எழுதியதை மருத்துவ உலகம் பெரிதாகக் கருதவில்லை.

1956இல் அமெரிக்காவில் பர்வெல் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். அவர் 51 வயதான வணிக நிர்வாகி. வாரம் ஒரு முறை சீட்டாடுவது அவர் வழக்கம். ஒரு நாள் மூன்று ஏஸ்களும் இரண்டு ராஜாக்களுமாக மிக உயர்ந்த சீட்டு அவர் கைக்கு வந்தது. அதைக் கையில் பிடித்தபடியே அவர் உறங்கிப் போனார், ஆட்டமும் போயிற்று. அதன் பிறகே மருத்துவமனை சென்றார். டிக்கன்ஸின் பையனை நினைந்து அந்நோய்க்குப் ‘பிக்விக் நோய்க்குறி’ என்று பெயரிட்டனர்.

பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. உடற்பருமனால் மூச்சு குன்றிக் குருதியில் கரியமிலவாயு மிகுகிறது, அதனால் உறக்கம் வருகிறது என்று அவர்கள் கருதினர். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் அவர்கள் நோயாளியை விழித்திருக்கும்போதே சோதித்தனர். விழித்திருப்பவன் தொண்டையில் அடைப்பு ஏது?

இரவில் விழித்திருந்தவர்கள்

மூளையின் மின்னலைகளைத் தாளில் பதியும் கலை வளர்ந்த பிறகு, உறங்குபவரை இரவு முழுவதும் கவனிக்கும் வழி பிறந்தது. 1965இல் பிரான்சு நாட்டு மார்செய் நகரில் காஸ்தோவும் அவர் குழுவினரும் இத்தகைய நோயாளிகளின் மூளையலை, மூச்சு ஆகியவற்றை உறக்கத்தில் ஒருங்கே பதிந்தனர். மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பதும், ஒவ்வொரு முறையும் உறக்கம் கலைவதும் தாளில் தெளிவாக விழுந்தன. அதே ஆண்டில் ஜெர்மனியில் யுங், கூலோ இருவரும் உறக்கத்தில் மூச்சு நிற்பதைப் பதிவு செய்து வெளியிட்டனர். பகல் உறக்கத்தின் வேர் இரவில் இருந்தது!

இத்தாலியின் பொலோனா நகரில் லுகரேசி என்பவர் இவ்வாராய்ச்சியை முன்னெடுத்துச் சென்றார். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கில்லமினோவும் அவர் தோழர்களும் 1976இல் உறக்க மூச்சடைப்பைத் தனி நோயாக வரையறுத்துப் பெயரிட்டனர். பருத்தவர்க்கு மட்டுமன்றி மெலிந்தவர்க்கும், குழந்தைகளுக்கும் இது வரக்கூடும் என்பதும் புலனாயிற்று.

இங்கே நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மருத்துவர்கள் 1965இல் தாளில் கண்டதை, அந்நோயாளிகளின் மனைவியர் அதற்கு முன்பே பாயருகில் விழித்திருந்து கண்டிருப்பர். தோளைத் தொட்டு அசைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்திருப்பர். நோயாளி சொல்லும் கதையில் இந்நோய் பாதிதான் இருக்கிறது. அருகில் படுத்தவர் சொல்லும் கதையிலேயே முழுமையாக இருக்கிறது. இன்றும் நல்ல மருத்துவர்கள் முதலில் அவரையே கேட்கின்றனர்.

தொண்டையில் ஒரு துளை

காரணம் தெரிந்தது; மருந்து? அடைப்பு தொண்டையில் என்றால், தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழலில் துளையிட்டால் காற்று தடையின்றிப் போகுமன்றோ? 1969இல் கூலோ குழுவினர் அந்த அறுவையைச் செய்து வெற்றி கண்டனர். துளையில் பொருத்திய குழாயைப் பகலில் மூடிப் பேசலாம். இரவில் திறந்து உறங்கலாம். ஆண்டுக்கணக்கில் உறங்கி வழிந்தவர்கள் ஒரே வாரத்தில் புதுமனிதர் ஆயினர்.

பலன் பெரிது, விலையும் பெரிது. கழுத்தில் ஆறாத வாயில், அதில் ஓயாத சளி, தொற்று நோயின் அச்சம், நீரில் மூழ்கிக் குளிக்க இயலாமை, பிறர் பார்வை. நோய் முற்றியவர்களே இதற்கு உடன்பட்டனர். 1980 வரையில் கடுமையான உறக்க மூச்சடைப்புக்கு நம்பத்தக்க சிகிச்சை இதுவே.

சிட்னி நகரில் ஓர் இரவு

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன், அதற்கு முன் கனடாவின் டொரான்டோ நகரில் நாய்களின் உறக்க மூச்சை ஆராய்ந்தவர். தொண்டையின் சுவர்கள் உட்புறமாக ஒட்டிக்கொள்வதே அடைப்பு என்றால், உள்ளிருந்து காற்றால் அவற்றை விரித்துப் பிடிக்கலாகாதா என்று அவர் எண்ணினார். காற்றழுத்தத்தால் மூச்சுக்கு உதவும் முறை முற்றிலும் புதிதன்று. 1936இல் லண்டன் மருத்துவர் பூல்ட்டன், தூசு உறிஞ்சும் இயந்திரத்தைத் திருப்பி ஊதச் செய்து, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு மூச்சளித்திருக்கிறார். 1971இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிரிகரி, நுரையீரல் முதிராமல் பிறந்து திணறிய 20 பச்சிளங் குழந்தைகளுக்குத் தொடர்ந்து காற்றழுத்தம் அளித்ததில் 16 குழந்தைகள் பிழைத்தன. உறங்கும் பெரியவர் ஒருவரின் தொண்டையைக் காற்றால் தாங்கலாம் என்பதே சிட்னியில் பிறந்த புதுமை.

1980ஆம் ஆண்டு ஜூன் மாதம். கடுமையான நோயுற்ற ஒருவருக்குத் தொண்டையில் துளையிட வேண்டும் என்று பரிந்துரைக்கப்பட்டிருந்தது. வேறு வழி உண்டா என்று அவர் கேட்டார். சல்லிவன் தம் எண்ணத்தைச் சொன்னார், அவர் இசைந்தார். மூக்குக்கேற்ற ஒரு கவசம், அதற்கொரு குழாய், குழாயின் மறுமுனையில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் விசிறி. கவசத்தின் ஓரங்களில் காற்று கசியாமல் பசையிட்டு முகத்தில் ஒட்டினார்கள்.

அவர் உறங்கினார்; வழக்கம்போல் மூச்சு அடைபட்டது. அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினர். ஓர் அளவில் அடைப்பு நீங்கியது, மூச்சு சீராயிற்று. சற்றுக் குறைத்தால் அடைத்தது, ஏற்றினால் திறந்தது. நெடுநாள் பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்டது போல் அவர் மூளை ஆழ்ந்த உறக்கத்துள் இறங்கிற்று. காலையில், பல ஆண்டுகளுக்குப் பின், தெளிந்த கண்களோடு அவர் எழுந்தார்.

1981 ஏப்ரலில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் சல்லிவன் குழுவினர் ஐந்து நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டனர். அவர்களுக்குத் தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 செ.மீ. நீர் அளவே. இந்த அளவு எவ்வளவு என்பதை வீட்டிலேயே உணரலாம். ஒரு பாத்திரத்து நீரில் ஓர் உறிஞ்சு குழலைப் பத்து செ.மீ. ஆழத்துக்கு அமிழ்த்தி ஊதுங்கள்; குமிழி எழுவதற்கு வேண்டிய அழுத்தமே அது. ஊதிய பலூன் தன் உருவத்தில் நிற்பது போல், அவ்வளவு மெல்லிய காற்று தொண்டையின் உள்ளே தூணாக நின்று சுவர்களைத் தாங்குகிறது. கத்தி செய்த வேலையைக் காற்று செய்தது.

மோட்டார் அன்று, முகக்கவசமே

இதன் பின் நடந்த வரலாறு நமக்கு மிகப் பயன்படுவது. தத்துவம் அந்த ஒரே இரவில் நிலைபெற்றுவிட்டது. அடுத்த நாற்பது ஆண்டுகளின் உழைப்பில் பெரும்பகுதி, அக்கருவியை மனிதன் தாங்கிக்கொள்ளச் செய்வதிலேயே செலவாயிற்று.

முதல் நோயாளிகள் வீட்டுக்குக் கொண்டு சென்ற இயந்திரங்கள் பெரியவை, பேரிரைச்சலிடுபவை. ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்சு எடுத்துக் கவசம் வார்க்க வேண்டும். இரவுதோறும் பசையிட்டு ஒட்டிக் காலைதோறும் பிய்த்தெடுக்க வேண்டும். 1985இல் அமெரிக்காவின் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் இக்கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. சல்லிவனின் கண்டுபிடிப்பைக் கொண்டு 1989இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய நிறுவனமே பின்னர் ரெஸ்மெட் எனப் பெயர் பெற்றது. பசை போய்ப் பட்டைகளும் மென்மையான சிலிக்கோன் விளிம்புகளும் வந்தன. மூக்கு வறளாதிருக்க ஈரமூட்டும் நீர்க்கலம் சேர்ந்தது. மூச்சை வாங்கும்போது ஓரழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தரும் வகையும், நேரத்துக்கேற்பத் தானே அழுத்தத்தை மாற்றும் வகையும் பிறந்தன.

இவ்வளவு வசதி வந்தும் மக்கள் அணிந்தார்களா? 1993இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 35 நோயாளிகளின் கருவிகளில் அவர்கள் அறியாமல் நேரம் பதியும் அமைப்பை வைத்துப் பார்த்தனர். பெரும்பாலோர் நாள்தோறும் அணிவதாகச் சொன்னார்கள். பத்தில் ஏழு நாட்களாவது நான்கு மணி நேரம் அணிந்தவர்கள் 16 பேரே! அலமாரியில் இருக்கும் கருவி தொண்டையைத் தாங்காது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று எச்சரிக்கைகள்

அண்மைக் கால வரலாறு மூன்று பாடங்களைத் தந்திருக்கிறது.

ஒன்று, 2015இல் வந்தது. தொண்டை அடைபடாமலே, மூளையின் கட்டளை தவறி மூச்சு நிற்கும் இன்னொரு வகை உண்டு. இதயத்தின் இறைக்கும் ஆற்றல் குன்றியவர்களுள் இவ்வகை மிகுந்திருந்தோர்க்கு, மூச்சுக்கேற்ப மாறும் சிறப்புக் கருவி ஒன்றைத் தந்து ஆராய்ந்ததில், இதய நோயால் இறப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருவர் கருவி இன்னொருவர்க்கு ஆகாது. நோயின் வகை அறியாமல் வாங்கலாகாது.

இரண்டாவது, 2016இல் வந்தது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்ட 2,717 பேரிடம் நடந்த பேராய்வில், சி-பேப் கருவி புதிய மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் அணிந்தது சராசரி 3.3 மணி நேரமே. ஆயினும் குறட்டையும் பகல் உறக்கமும் குறைந்தன. மனநிலையும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தன. எனவே இதை எல்லா நோய்க்கும் மாற்றென்று விற்பவரை நம்ப வேண்டாம். உறக்கத்தைத் திருப்பித் தரும் என்பதை நம்பலாம். அதுவே சிறு கொடையன்று.

மூன்றாவது, 2021 ஜூனில் வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. இரைச்சலைக் குறைப்பதற்காக உள்ளே வைத்த நுரைப்பஞ்சு நாளடைவில் சிதைந்து, துகளாக மூச்சோடு உட்செல்லக்கூடும் என்பது காரணம். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கருவியை நிறுத்துவதா, தொடர்வதா என்று தவித்தனர். ஓசோன் வாயுவால் தூய்மை செய்யும் பெட்டிகள் அந்தப் பஞ்சின் சிதைவை விரைவுபடுத்தலாம் என்றும் அந்நிறுவனம் எச்சரித்தது. வாங்கிய சீட்டையும் கருவியின் தொடரெண்ணையும் பத்திரப்படுத்துவது எவ்வளவு அவசியம் என்பதை அந்நாட்கள் காட்டின.

முதற் கருவியைத் தேர்தல்

இவ்வரலாற்றின் சாரம் இது: பகலில் பார்த்தவர்களுக்கு இந்நோய் அகப்படவில்லை, இரவில் உடனிருந்தவர்களுக்கே அகப்பட்டது. அதற்கான கருவியையும் கடையின் வெளிச்சத்தில் தேர முடியாது. இரவில் உறங்கிப் பார்த்தே தேர வேண்டும்.

ஆகவே கடைக்காரரிடம் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாமா? பொருந்தாவிடில் கவசத்தை மாற்றித் தருவீர்களா?” என்பதே. மோட்டாரின் பெருமையைப் பிறகு கேட்கலாம்.

கவசத்தில் மூவகை உண்டு: மூக்கை மூடுவது, நாசித் துளைகளின் வாயிலில் மட்டும் அமர்வது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது. மூக்கால் மூச்சு விடுவோர்க்கு முதலிரண்டும் இலகு. வாயால் மூச்சு விடுவோர் மூன்றாவதைத் தேட வேண்டி வரலாம். தாடியுடையவர்க்குப் பெரிய கவசத்தின் ஓரத்தில் காற்று கசியும். நாசி வாயிலில் அமர்வது அவர்கள் பலருக்குப் பொருந்துகிறது. உட்கார்ந்தபடி அணிந்து பார்த்து முடிவு செய்யலாகாது. படுத்து, புரண்டு, காற்றை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பட்டையை இறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு, புண்தான் மிஞ்சும்.

அழுத்தம் மருத்துவர் எழுதித் தர வேண்டியது. சாதாரணமாக இக்கருவிகள் 4 முதல் 20 செ.மீ. வரை தருகின்றன. தானே மாறும் கருவி வேண்டுமா, நிலையான அழுத்தமே போதுமா என்பதற்கு விலைப்பட்டியலில் விடையில்லை. பெரும்பாலோர்க்கு இரண்டும் ஏறக்குறைய ஒத்த பலனே தருகின்றன. தேவையான அழுத்தம் ஆய்வகத்தில் அளக்கப்படாதவர்க்கு முதல்வகை உதவியாகும்.

எத்தனை மணி நேரம் அணிந்தோம், எவ்வளவு கசிந்தது, எத்தனை அடைப்பு மிஞ்சியது என்று பதிந்து காட்டும் கருவியே வாங்கத் தக்கது. உறங்குபவர் தாமே அறியாத இரவின் கணக்கு அது. அதை மருத்துவரிடம் காட்டுவதில் வெட்கம் வேண்டாம்.

நீர்க்கலத்துக்குக் காய்ச்சி வடித்த நீர்; நாள்தோறும் கொட்டிக் கழுவுதல்; கவசத்துக்கு மென்மையான சோப்பு நீர்; உரிய காலத்தில் வடிகட்டியை மாற்றுதல் ஆகியவை போதும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரினர் மின்கலத்தில் ஓடுமா என்று கேட்டறிய வேண்டும். பிறர் பயன்படுத்திய பழைய கருவியை மலிவென்று வாங்குவது, அதன் வரலாறு தெரியாதவரை, ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகலாம்.

முதல் வாரம் கடினம். பகலில் அரைமணி நேரம் அணிந்து படித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்து பழகலாம். வீட்டார் அதைக் கண்டு நகைக்காதிருப்பது, வாங்கித் தரும் பணத்தைவிடப் பெரிய உதவி.

தொண்டையில் துளையா, முகத்தில் கவசமா என்று நின்ற அந்த முதல் மனிதர் கவசத்தைத் தேர்ந்தார். அவருக்கு முன்னே வேறொருவர் அனுபவம் இல்லை. அழகிய பெட்டி இல்லை. இரைச்சலும் பசையுமே இருந்தன. காலையில் தெளிந்து எழும் ஆவல் ஒன்றே அவரை உடன்படச் செய்தது. நாம் கருவி வாங்கப் போகும்போதும் அந்த ஆவலையே அளவுகோலாகக் கொள்வோம்.

“சத்தம் போடாதே, அத்தா உறங்குகிறார்” என்று பிள்ளைகளை அடக்குவது நம் வீட்டு வழக்கம். அத்தா உண்மையிலேயே உறங்குகிறாரா என்று ஓரிரவு செவிசாய்த்துக் கேட்பதும் இனி நம் வழக்கமாகட்டும்.